செக் புத்தகத்துக்குள் ஒரு ஷா

வங்கியில் கொடுப்பது செக். மாநில எல்லையில் லாரியை மறிப்பது செக்போஸ்ட். டாக்டரிடம் போவது செக்கப். ஜவுளிக்கடையில் கட்டம் போட்ட சட்டை கேட்டால் 'செக்டு' என்று எடுத்துப் போடுவார்கள். சதுரங்கத்தில் ராஜாவுக்கு வைப்பது செக். அதைப் பார்த்து, ஒரு தலைவர் இன்னொரு தலைவருக்கு 'செக் வைத்தார்' என்று பத்திரிகைகள் தலைப்புப் போடுகின்றன. ஆங்கிலம் படிக்காதவரும் நாள்முழுக்கப் புழங்கும் இந்தச் சொல் ஒன்றா, பலவா?

கிரிக்கெட் மட்டையும் வௌவாலும் ஆங்கிலத்தில் 'பேட்'தான், ஒட்டுமில்லை, உறவுமில்லை. செக்கையும் அப்படித் தள்ளிவிட்டிருப்பேன். தடுத்தது ஒரு துணுக்குச் செய்தி. இங்கிலாந்து மன்னரின் கருவூலத்துக்கு 'எக்ஸ்செக்கர்' என்று பெயர், அதிலிருந்து காசோலைக்கு 'செக்' என்ற பெயர் வந்தது என்கிறது அது. வங்கி வரலாறு எழுதுபவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கி எழுதிவருகிறார்கள். காதுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. சொல் வரலாற்றில் காதுக்குப் பொருத்தமாக இருப்பதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

தேடலை ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் தொடங்கினேன். அதில் 'சி' எழுத்தைத் தொகுத்தவர் ஜேம்ஸ் மர்ரே. ஆக்ஸ்ஃபோர்டில் தன் வீட்டுத் தோட்டத்தில் போட்ட தகரக் கொட்டகையில், பல நாட்டு வாசகர்கள் எழுதி அனுப்பிய சீட்டுகளை மாடங்களில் அடுக்கிவைத்து வேலை பார்த்தவர். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு சொல், அது வந்த வாக்கியம், நூல், ஆண்டு. எனக்கு வேண்டியிருந்தது அந்த ஆண்டு. ஒரு பொருளிலிருந்து இன்னொன்று பிறந்தது என்றால் தாய் முந்திப் பிறந்திருக்க வேண்டுமல்லவா?

ஆண்டு வரிசையில் வைத்துப் பார்த்தால் செக்கின் எல்லாப் பொருள்களும் ஒரே வாசலில் போய் நிற்கின்றன. அது சதுரங்கம்.

ஆட்டம் இந்தியாவிலிருந்து பாரசீகம் போனது. சதுரங்கம் அங்கே 'சத்ரங்' ஆனது, அரபியில் 'ஷத்ரஞ்ச்' ஆனது. நம் ராஜா அங்கே 'ஷா'. அவரைத் தாக்கும்படி காய் நகர்த்தினால், எதிராளியை உஷார்ப்படுத்த 'ஷா!' என்று குரல் கொடுப்பது வழக்கம். அரபிகள் அந்தச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஸ்பெயின், இத்தாலி வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைந்தபோதுதான் உருமாறியது. லத்தீனில் 'ஷ' ஒலி இல்லை. 'ஸ்காக்குஸ்' என்று எழுதினார்கள். சுவிட்சர்லாந்தின் ஐன்சீடல்ன் மடத்தில், 10-ஆம் நூற்றாண்டு முடிகிற சமயத்தில் யாரோ ஒரு துறவி சதுரங்க விதிகளை லத்தீன் செய்யுளாக்கி வைத்திருக்கிறார். அதன் தலைப்பிலேயே இந்த உருமாறிய ஷா இருக்கிறார்.

பழைய பிரெஞ்சில் அது 'எஸ்செக்'. பன்மை விகுதி சேரும்போது கடைசி 'க்' விழுந்து 'எஸ்செஸ்' ஆகும். ஆங்கிலம் இரண்டையும் வாங்கிக்கொண்டது: ஒருமை 'செக்', பன்மை 'செஸ்'. ஆக, செஸ் என்றாலே 'பல ஷாக்கள்' என்றுதான் பொருள். ஷாவின் பூர்வீகத்தைத் தோண்டினால் பழம்பாரசீகத்தில் 'க்ஷாயதிய' என்ற வடிவம் கிடைக்கிறது. சம்ஸ்கிருத 'க்ஷத்ர'வுக்கு உறவு. க்ஷத்திரியர்களுக்குப் பங்காளி முறை.

இடையில் 'செக்மேட்'டையும் பார்த்துவிடலாம். 'ஷா மாத்' என்றால் ராஜா செத்தார் என்று பொருள் சொல்வார்கள். அரபியில் 'மாத' என்றால் செத்தான் என்பது சரிதான். ஆனால் பாரசீகத்தில் 'மாத்' என்றால் திகைத்தவன், வழியற்று நிற்பவன். எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. சதுரங்கத்தில் எல்லாக் காயும் வெட்டுப்படும், ராஜா மட்டும் வெட்டுப்படுவதில்லை.

ராஜாவுக்கு செக் என்றால் எதிராளி அதுவரை போட்டுவைத்த கணக்கையெல்லாம் நிறுத்திவிட்டு அதைக் கவனித்தாக வேண்டும். இந்த நிறுத்தம்தான் பலகையிலிருந்து இறங்கி ஊருக்குள் நடந்தது. பாய்ந்துபோகிற வல்லூறு துரத்திய பறவையை விட்டுவிட்டு வேறொன்றின் பின்னால் திரும்பினால் வேட்டைக்காரர்களுக்கு அது செக். வேலைக்காரரைக் கண்டிப்பதும் செக், குதிரையை இழுத்துப் பிடிப்பதும் செக். நம் செக்போஸ்ட் இந்தக் கிளையில் தொங்குகிறது. இதே சொல் பிரெஞ்சுக்காரர்களிடம் தோல்வி என்ற பொருளுக்குப் போய்விட்டது. அங்கே தேர்வில் கோட்டை விட்டாலும் ஷாதான்.

இதுவரை பணவாடை இல்லை. அதற்கு ஒரு மேசையைத் தேடிப் போக வேண்டும்.

சதுரங்கப் பலகைக்கு லத்தீனில் 'ஸ்காக்காரியம்'. பிரெஞ்சில் 'எஸ்செக்கியே'. முன்னால் வரும் 'எஸ்' லத்தீன் முன்னொட்டு 'எக்ஸ்'தான் என்று யாரோ பண்டிதர்கள் தப்பாக ஊகித்து நீட்டியதில் 'எக்ஸ்செக்கர்' பிறந்தது. முதலாம் ஹென்றி காலத்திலேயே அரசாங்கக் கணக்குச் சபைக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது. சதுரங்கப் பலகையின் பெயரைக் கணக்கு அலுவலகத்துக்கு ஏன் வைத்தார்கள்? இதே கேள்வியை 12-ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் கேட்டு, பதிலும் எழுதிவைத்திருக்கிறார்.

அவர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல். இரண்டாம் ஹென்றியின் கருவூலத் தலைவர், பிற்பாடு லண்டன் பிஷப். அரசன் பட்டமேறிய 23-ஆம் ஆண்டில் தேம்ஸ் நதியைப் பார்த்தபடி ஒரு கோபுர ஜன்னலருகே உட்கார்ந்திருந்ததாகவும், ஒருவர் வந்து கருவூலத் தொழிலின் ரகசியங்களைச் சொல்லித்தரும்படி நச்சரித்ததாகவும் தொடங்குகிறது அவருடைய 'எக்ஸ்செக்கர் உரையாடல்'. தாமஸ் மாடக்ஸ் 1711-இல் தன் எக்ஸ்செக்கர் வரலாற்றோடு சேர்த்து அதை அச்சேற்றினார். 1902-இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து திருத்தமான பதிப்பு வந்தது. குரு சிஷ்ய உரையாடல் நடையில் எழுதிய அரசாங்கக் கையேடு என்றால் கொட்டாவி வருமென்றுதான் எவரும் நினைப்போம். எனக்கு வரவில்லை.

சிஷ்யன் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்றே எக்ஸ்செக்கர் என்றால் என்ன என்பதுதான். குரு அளவெடுத்துச் சொல்கிறார். சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஒரு மேசை. மேலே வைத்தது உருண்டு விழாதபடி சுற்றிலும் நாலு விரல் உயர விளிம்பு. ஈஸ்டர் தவணையில் வாங்கிய துணியை அதன் மேல் விரிப்பார்கள். ஏதோ ஒரு துணி அல்ல. கறுப்புத் துணி, அதில் ஓர் அடிக்கு ஒன்றாக, அல்லது ஒரு சாண் இடைவெளியில், கோடுகள். அந்தக் கோடுகளுக்கு இடையில்தான் கணக்கு நடக்கும். வலதுபுறக் கோடியில் பென்னி, அடுத்து ஷில்லிங், அடுத்து பவுண்டு, பிறகு இருபது பவுண்டுகள், நூறுகள், ஆயிரங்கள். ஏழாவது பத்தி பத்தாயிரங்களுக்கு. எப்போதாவதுதான் அதற்கு வேலை. நடுவில் உட்கார்ந்திருக்கும் கணக்கர் காசு வில்லைகளைப் பத்திக்குப் பத்தி தள்ளித் தள்ளிக் கணக்குப் போடுவார். ரோமானிய எண்களை எழுதிவைத்துக் கூட்டிக் கழிப்பது பெரும்பாடு. மாவட்டத்தில் வரி வசூலித்து வந்து நிற்கும் அதிகாரியான ஷெரீஃப், எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தாலும், தன் கடனை ஒரு வரிசையிலும் தான் கட்டிய தொகையை அதன் கீழ் வரிசையிலும் கண்ணாலேயே பார்க்கலாம்.

எனக்கு இங்கே ஒன்று உறுத்தியது. ஃபிட்ஸ்நீல் சொல்வது கோடுகளைத்தான், கறுப்பு வெள்ளைக் கட்டங்களை அல்ல. அப்புறம் எப்படிச் சதுரங்கப் பலகை? சிஷ்யனுக்கும் பெயர்க்காரணம் புரியவில்லை. குரு இரண்டு காரணம் சொல்கிறார். ஒன்று, பார்வைக்கு அதைப் போல இருக்கிறது. இரண்டாவதுதான் சுவை. சதுரங்கத்தில் இரண்டு ராஜாக்கள் மோதுவதுபோல இங்கே கருவூலத் தலைவருக்கும் ஷெரீஃபுக்கும் சண்டை. மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். ஷெரீஃபின் நிலை தெரிய வேண்டுமா? நம்மூர் ஜமாபந்தியில் மணியக்காரர்கள் நின்ற நிலையை நினைத்துக்கொள்ளுங்கள்.

கட்டம் போட்ட துணிக்குக் கண்ணால் கண்ட சாட்சி அயர்லாந்தில் இருந்தது. டப்ளினில் இருந்த எக்ஸ்செக்கர் 'சிவப்புப் புத்தக'த்தில் 15-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சித்திரம் ஒன்று. மேசையைச் சுற்றி அதிகாரிகளும் வழக்குக்காரர்களும், மேசைத் துணி அசல் சதுரங்கக் கட்டம், அதன்மேல் வில்லைகள். 'இருந்தது' என்று எழுதக் காரணம், 1922 ஜூன் 30-இல் உள்நாட்டுப் போரின்போது ஃபோர் கோர்ட்ஸ் கட்டடத்தில் வெடித்த வெடியில் அயர்லாந்தின் பொது ஆவணக் களஞ்சியமே சாம்பலாகிவிட்டது, சிவப்புப் புத்தகமும் சேர்த்து. 19-ஆம் நூற்றாண்டில் எடுத்து அச்சிட்ட நகல் மட்டும் தப்பியது. நான் பார்த்தது அந்த நகலைத்தான்.

மேசை கிடைத்துவிட்டது. ஆனால் மேசையிலிருந்து காசோலைக்கு நேர்வழி உண்டா? துணுக்குச் செய்தி உண்டு என்கிறது. ஆண்டுகள் ஒத்துழைக்க மறுக்கின்றன. எக்ஸ்செக்கர் 12-ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. காசோலை அதற்கு ஐந்நூறு ஆண்டு பிந்தியது. லண்டனில் மாரிஸ், கிளேட்டன் என்ற பணத்தரகர்கள் பெயருக்கு நிக்கோலஸ் வனாக்கர் எழுதிய 400 பவுண்டு ஓலை கைவசமிருக்கும் மிகப் பழையவற்றில் ஒன்று. தேதி 1659 பிப்ரவரி 16. அன்று அங்கே மார்ச் 25-இல்தான் ஆண்டு பிறக்கும். நம் கணக்கில் 1660. டெல்போ என்பவரிடம் பணத்தைக் கொடுத்துவிடுங்கள் என்கிறது, அவ்வளவுதான். செக் என்ற சொல்லே அதில் இல்லை.

ஆக, வேறு ஏதோ ஒரு பொருள் இடையில் இருந்திருக்க வேண்டும். அது ஒரு குச்சி.

எக்ஸ்செக்கரில் பணம் கட்டினால் ரசீது காகிதத்தில் இல்லை, மரக்குச்சியில். ஃபிட்ஸ்நீல் வெட்டின் அளவையும் விடவில்லை: ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலம், நூறுக்குக் கட்டைவிரல், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒன்றுக்கு முற்றிய வாற்கோதுமை மணி. வெட்டிய குச்சியை நெடுக்கே பிளந்து பணம் கட்டியவருக்கு ஒரு பாதி, அலுவலகத்துக்கு ஒரு பாதி. பிறகு சந்தேகம் வந்தால் இரண்டையும் ஒட்டிவைத்துப் பார்ப்பார்கள். வெட்டும் மர வரியும் பொருந்த வேண்டும். கள்ளக் கையெழுத்து போடலாம், மர வரியைப் போட முடியாது. பெரிய பாதிக்கு 'ஸ்டாக்', சின்னதற்கு 'ஃபாயில்'. பங்குச் சந்தையின் ஸ்டாக்கையும் கவுன்டர்ஃபாயிலையும் இங்கேயே பார்த்துவிடலாம். இந்த முறை 1826 வரை தள்ளாடி நடந்தது. 1834 அக்டோபர் 16-இல் பழைய குச்சிகளை வண்டி வண்டியாகப் பிரபுக்கள் சபையின் அடியிலிருந்த உலைகளில் போட்டு எரித்ததில் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையே பற்றிக்கொண்டது. இரண்டு நாடாளுமன்ற அவைகளும் போயின.

குச்சி போய்க் காகிதம் வந்தபோது தந்திரம் மட்டும் மாறவில்லை. 1690களில் அரசாங்கம் எக்ஸ்செக்கர் பத்திரங்களை வெளியிட்டது. பத்திரத்துக்கும் அடிக்கட்டைக்கும் நடுவே கொடிகொடியாக ஓர் அலங்காரம் அச்சிட்டு அதன் குறுக்கே வளைந்து வளைந்து வெட்டினார்கள். பத்திரம் திரும்பி வரும்போது அடிக்கட்டையோடு பொருந்துகிறதா என்று பார்க்க. இந்த அடிக்கட்டையைத்தான் 1700களின் தொடக்கத்தில் 'செக்' என்றார்கள். மோசடிக்குத் தடை என்ற பொருளில். சதுரங்கத்திலிருந்து இறங்கிய அதே நிறுத்தம். ஒத்துப்பார்ப்பது, சரிபார்ப்பது என்ற வினைப்பொருளும் இதற்குச் சற்று முன், 1600களின் பிற்பகுதியில்தான் தலைகாட்டுகிறது. நம் செக்கப் அங்கிருந்து வருகிறது. 1717-இலிருந்து இங்கிலாந்து வங்கி, பணம் எடுக்க அச்சிட்ட படிவங்களைத் தந்தது. காலப்போக்கில் அடிக்கட்டையின் பெயர் கிழித்துக் கொடுக்கும் பாதிக்குத் தாவிவிட்டது.

அப்படியானால் துணுக்குச் செய்தி பொய்யா? முழுப் பொய்யும் இல்லை. 'செக்'கை ஆங்கிலேயர் 'கே'யில் முடிக்காமல் 'கியூ யு ஈ' போட்டு எழுதக் காரணம் எக்ஸ்செக்கர்தான். 1820களில் ஜேம்ஸ் வில்லியம் கில்பர்ட் என்ற வங்கியாளர் தன் வங்கித்தொழில் நூலின் அடிக்குறிப்பில் இதை விளக்குகிறார்: பெரும்பாலோர் 'கே' போட்டே எழுதுகிறார்கள், மற்றப் பொருள்களோடு குழம்பாமலிருக்கவும், எக்ஸ்செக்கரின் சாயலுக்காகவும் நான் இப்படி எழுதுகிறேன் என்கிறார். அமெரிக்கர்கள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை, இன்றும் 'கே'தான். எனவே காசோலையின் பிறப்பு ராஜாவைத் தடுத்த செக்கிலிருந்து. எழுத்துக்கூட்டல் மட்டும் மேசைத் துணியிலிருந்து. ஷாவின் வாரிசுகளான இரண்டு கிளைகள் 12-ஆம் நூற்றாண்டில் பிரிந்துபோய், கில்பர்ட் காலத்தில் ஒரே காகிதத்தில் கைகுலுக்கியிருக்கின்றன. 1881-இல் இந்தியாவுக்குச் செய்த மாற்றுமுறை ஆவணச் சட்டமும் கில்பர்ட் கட்சிதான்.

துணிக்கடை செக்குக்கு இவ்வளவு சிக்கல் இல்லை. பலகையைப் போலக் கட்டம் போட்டது 'செக்கர்', சுருக்கினால் செக். ஆனால் அந்தப் பெயரோடு கப்பலேறிய சரக்கு நம்முடையது. பழவேற்காட்டிலும் சென்னையைச் சுற்றியும் நெய்த கட்டம் போட்ட கைக்குட்டைத் துணிகள் ஐரோப்பியக் கம்பெனிகளின் கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் போயின. நைஜீரியாவின் கலபாரி மக்கள் அந்தத் துணியை 'இஞ்சிரி' என்கிறார்கள். பிறப்புக்கும் இறப்புக்கும் அவர்களுக்கு அது வேண்டும். அமெரிக்கக் கடைகளில் கட்டம் போட்ட பருத்திச் சட்டைக்குப் பெயரே 'மெட்ராஸ்'. நெய்தவர்கள் அதைக் 'கட்டம்' என்று சொல்லிவிட்டு அடுத்த பாவைப் பூட்டியிருப்பார்கள்.

ஒரு சந்தேகக் கேஸ் மிச்சமிருக்கிறது. 1921 முதல் பிரிட்டிஷ் பிரதமர்களின் கிராமத்து மாளிகை 'செக்கர்ஸ்', பக்கிங்ஹாம்ஷயரில். 12-ஆம் நூற்றாண்டில் அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் எக்ஸ்செக்கரில் வாயில் காவல் பொறுப்பிலிருந்த எலியாஸ், பெயர் அவர் வேலையால் வந்தது என்பது ஒரு கட்சி. அங்கே வளரும் ஒரு காட்டு மரத்துக்கு 'செக்கர்' என்று பெயருண்டு, அதுதான் காரணம் என்பது இன்னொரு கட்சி. மரக் கட்சிக்கு மரம் இருக்கிறது. மேசைக் கட்சிக்கு ஆளும் உத்தியோகமும் இருக்கின்றன. என் ஓட்டு எலியாஸுக்கு.