பதின்மூன்று கழகங்கள், ஓர் ஒப்பந்தம்: கூடைப்பந்து ஆட்டக்காரரின் பெயர்வும் கல்முனைக் கரையோரத்தின் உழைப்புப் பெயர்வும்

இஷ் ஸ்மித் ஆறடி உயரமான ஒரு பொயின்ட் கார்ட். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் 13 கழகங்களுக்கு ஆடியவர். அவருக்கு முன்னர் சக்கி பிரவுன், ஜிம் ஜாக்சன், டோனி மாசன்பர்க், ஜோ ஸ்மித் ஆகிய நால்வரும் தலா 12 கழகங்களுக்கு ஆடியதே உச்சமாக இருந்தது. 2010இல் கழகங்கள் புதியவர்களை வரிசையாகத் தெரிவுசெய்தபோது அவர் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. 2023இல் டென்வர் நகெட்ஸ் மியாமியை 4-1 என்று வென்று சாம்பியனானபோது அவர் அந்த அணியில் இருந்தார். ஆனால் இறுதித் தொடரின் பெரும்பகுதியை வாங்கில் அமர்ந்தே கழித்தார்.

இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்வது வழக்கம். எவரும் நிரந்தரமாக வைத்துக்கொள்ள விரும்பாத ஆள் என்பார்கள். அல்லது விழுந்தெழுந்த விடாமுயற்சிக்காரர் என்பார்கள். முதலாவது இழிவு, இரண்டாவது வாழ்த்துமடல். இரண்டிலும் அந்த மனிதர் செய்த வேலையைக் காணோம். உழைப்பாளி ஒருவரின் பெயர்வை அளப்பதற்கு அவர் மாறிய இடங்களை எண்ணுவதால் பெரிய பயனில்லை என்பது என் வாதம். மாறும்போது சம்பளம், தொழிலறிவு, நற்பெயர் ஆகிய மூன்றில் எவை அவரோடு கூடப் போயின, எவை பழைய எசமானிடமே தங்கிவிட்டன என்று கேட்க வேண்டும். இலங்கையின் கிழக்கில் மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை, மத்திய கிழக்குக்கு ஆள் அனுப்பாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்ற நிலையிலுள்ள நமது கரையோரத்துக்கு இந்தக் கேள்வி அந்நியமானதல்ல. எடுத்துக்காட்டை அவ்வளவு தொலைவிலிருந்து எடுப்பதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு: அங்கே ஆட்டக்காரர்களின் கைமாற்றங்கள் பகிரங்கமானவை, நமது ஊர் ஒப்பந்தங்கள் ஏஜென்சிக்காரரின் மேசை இலாச்சிக்குள் கிடக்கின்றன.

முதலில் வேலையைப் பார்ப்போம். ஐவர் ஆடும் அணியில் பந்தை மேலே கொண்டுபோவது பொயின்ட் கார்டின் பொறுப்பு. 8 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். 24 விநாடிக்குள் பந்தைக் கூடைக்கு எறிய வேண்டும். நடுக்கோட்டுக்கு வரும்போதே அவர் ஒரு கையால் பந்தைத் தட்டிக்கொண்டு மறுகையின் விரல்களால் என்ன ஆட்டம் என்று சைகை காட்டிவிடுவார். எந்தத் தோழன் மூலையிலிருந்து எறிய விரும்புபவன், எவன் இடப்பக்கம் திரும்பினால் தடுமாறுபவன், எதிரணியில் எவன் ஏற்கெனவே களைத்துவிட்டான் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்க வேண்டும். உயரமானவரின் உயரம் எந்த ஊருக்குப் போனாலும் உயரம்தான். பொயின்ட் கார்டின் அறிவு அப்படியல்ல. பாதி அவருடையது, மறுபாதி தோழர்களைச் சார்ந்தது. ஆகவே அவரை இடம் மாற்றுவது மிகக் கடினம் என்றுதான் எதிர்பார்ப்போம்.

பிலடெல்பியா 76ஏர்ஸ் கழகத்தின் 2015-16 பருவம் இந்த எதிர்பார்ப்பைச் சோதிக்க உதவும். டிசம்பர் 24ஆம் திகதி அந்தக் கழகம் நியூ ஓர்லியன்ஸிடமிருந்து ஸ்மித்தை வாங்கியபோது அது ஆடிய 31 போட்டிகளில் ஒன்றில் மட்டுமே வென்றிருந்தது. அவர் களமிறங்கிய முதல் போட்டியில் ஃபீனிக்ஸ் அணியை வென்றது. பருவம் முடிந்தபோது கணக்கு 10 வெற்றி, 72 தோல்வி. அதாவது அவர் வந்த பிறகு 51 போட்டிகளில் 9 வெற்றி. இதைச் சாதனை என்று கொண்டாட முடியாது. அது மோசமான அணியாகவே பருவத்தை முடித்தது. ஒரே ஆளின் வருகையோடு வெற்றிக் கணக்கை முழுதாக முடிச்சுப் போடவும் கூடாது. ஆனாலும் பருவத்தின் நடுவில், ஒத்திகைக்கு அவகாசமின்றி வந்த ஒருவரால் சிதறிய ஆட்டத்தை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவர முடிந்தது. புதிய தோழர்களை விரைவாகப் படித்துக்கொள்ளும் திறனைத்தான் அந்தக் கழகம் விலைகொடுத்து வாங்கியது. அந்தத் திறன் ஒரே இடத்தில் இருந்தவருக்கு எளிதில் வாய்க்காது. அலைச்சலே அதைப் பழக்கியது.

அப்படியானால் அலைச்சல் நல்லதா? இங்கே அவசரப்படக் கூடாது. ஸ்மித்தின் இடமாற்றங்கள் பல அவர் கேட்டு நடந்தவை அல்ல. சார்லட் அவர் பிறந்த நகரம். 2021இல் அந்த நகரக் கழகத்தோடு ஒப்பந்தம் செய்தார். 2022 பெப்ரவரியில் அது அவரை வாஷிங்டனுக்குக் கைமாற்றியது. அதே ஆண்டு ஜூலையில் வாஷிங்டன் டென்வருக்குக் கைமாற்றியது. பண்டமாற்று என்று இதைச் சொல்வதில் மிகையில்லை. ஆனால் சார்லட்டில் எழுதிய ஒப்பந்தமே மூன்று ஊர்களிலும் செல்லுபடியானது. ஆளை வாங்கியவர் சம்பளப் பொறுப்பையும் சேர்த்தே வாங்கினார். ஒப்பந்தம் முடிந்ததும் எவரிடமும் அனுமதி கேளாமல் அடுத்த கழகத்தோடு பேசும் உரிமை ஆட்டக்காரருக்கு இருந்தது.

அந்த உரிமை சும்மா கிடைக்கவில்லை. அதற்காக வழக்காடியவரும் ஒரு பொயின்ட் கார்ட்தான். ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவராக இருந்த ஒஸ்கார் ராபர்ட்சன் 1970இல் லீக்குக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தார். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஆட்டக்காரர் பழைய கழகத்துக்கே கட்டுப்பட்டவர் என்ற விதி அப்போது இருந்தது. 1976இல் இணக்கம் ஏற்பட்டு அந்தப் பிடி தளர்ந்தது. முழு விடுதலைக்கு 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ராபர்ட்சன் தன் ஆட்ட வாழ்வில் இரண்டே கழகங்களுக்குத்தான் ஆடினார். அதிகம் அலையாதவர் வெட்டிய பாதையில் மற்றவர்கள் அலைந்தார்கள்.

கழகத்துக்கே கட்டுப்பட்டவர் என்ற அந்தப் பழைய விதியைக் கல்முனையில் ஒருவருக்கு விளங்கப்படுத்தச் சிரமப்பட வேண்டியதில்லை. 'கபீல்' என்ற ஒரு சொல் போதும். வளைகுடா நாடுகளின் கபாலா முறையில் தொழிலாளியின் விசா கபீலின், அதாவது அவரை வரவழைத்த எசமானின், பெயரில் ஓடியது. அவர் ரிலீஸ் கொடுக்காமல் வேறிடத்தில் வேலை செய்ய முடியாதிருந்தது. மீறிப் போனால் ஹுரூப் (ஓடிப்போனவர் என்ற முறைப்பாடு) போட்டுவிடுவார், அதன்பின் இகாமாவுக்கு (வதிவிட அனுமதிக்கு) மதிப்பிருக்கவில்லை. பத்து வருடம் சாரதியாகவோ மின்னிணைப்பாளராகவோ வேலை செய்து தேர்ந்தவர் எசமானை மாற்ற விரும்பினால் ஊருக்குத் திரும்பி, மறுபடி ஏஜென்சிக்குக் காசு கட்டி, புதிய ஆளாகத் தொடங்க வேண்டியிருந்தது. கைத்தொழில் அவரோடு போனது. சம்பள உயர்வும் நற்பெயரும் போகவில்லை. கட்டார் 2020இலும் சவூதி 2021 மார்ச்சிலும் இந்த விதியைத் தளர்த்தின. சவூதியின் மாற்றத்தில் வீட்டுப் பணியாளர்கள் சேர்க்கப்படவில்லை. நமது ஊர்களிலிருந்து போன பெண்களில் கணிசமானோர் செய்த வேலை எது என்று நினைத்துப் பார்த்தால் இந்த விலக்கின் கனம் புரியும்.

இதே கட்டு விளையாட்டுக்குள்ளும் உண்டு என்பதே என் இரண்டாவது வாதம். இலங்கையிலும் இந்தியாவிலும் கூடைப்பந்து ஆட்டக்காரருக்குச் சோறு போடுவது பெரும்பாலும் விளையாட்டு அல்ல, விளையாட்டின் பேரில் கிடைத்த உத்தியோகம். இங்கே படைகளும் வர்த்தக நிறுவனங்களும். அங்கே ரயில்வேயும் வங்கிகளும் எண்ணெய் நிறுவனங்களும். இந்திய மகளிர் அணியின் தலைவியாக இருந்து 2021இல் பத்மஸ்ரீ பெற்ற சென்னை அனிதா பால்துரை தென்னக ரயில்வேயின் ஊழியர். வாரணாசியில் வளர்ந்த கார்ட் ஆட்டக்காரர் விசேஷ் பிருகுவன்ஷி ஓஎன்ஜிசி நிறுவனத்துக்கு ஆடியவர். 2014இல் வூஹானில் நடந்த ஆசியக் கிண்ணப் போட்டியில் சீனாவை 65-58 என்று இந்தியா வீழ்த்தியபோது அவர் அணியில் இருந்தார். 2017இல் அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் 36ஏர்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தது. அவுஸ்திரேலிய லீக்கில் ஒப்பந்தமான முதல் இந்தியர் அவரே. ஆனால் லீக் போட்டியில் களமிறங்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. அதே பருவத்தில் சிட்னி கிங்ஸுக்கு ஆடிய அம்ரித்பால் சிங் ஒரு சென்டர்; உயரத்தை விற்க மொழியோ பழக்கமோ அதிகம் தேவையில்லை. பல ஊர்களில் ஆடிப் பழகும் வாய்ப்பே இல்லாத கார்ட் ஒருவர் இருபதுகளின் நடுவில் முதன்முறையாக வெளிநாட்டுக் கழகத்தின் வாசலில் நின்றால் நிலைமை வேறு. பிருகுவன்ஷியின் திறமையில் குறை காண்பது எளிது. நான் குறை காண்பது அவரை வளர்த்த முறையில். உத்தியோகம் ஓய்வூதியம் தரும், பெயரும் தரும். புதிய தோழர்களைப் படிக்கும் பழக்கத்தை மட்டும் தராது.

உத்தியோகம் சார்ந்த விளையாட்டு வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது இல்லாவிட்டால் ஏழை வீட்டுப் பிள்ளை இருபது வயதோடு மைதானத்தை விட்டுப் போயிருப்பான். ஒப்பந்த ஆட்டமும் பாதுகாப்பானதல்ல: ஸ்மித்தைக் கழகங்கள் சில தடவை நடுவழியில் விடுவித்ததும் உண்டு. அவ்வாறு விடுபட்டு மீண்டும் அழைக்கப்படாதவர்களின் பட்டியலை எவரும் எழுதுவதில்லை. ஆனால் நமது கரையோரத்துக்கு அந்த உத்தியோகக் கதவுகூடச் சரியாகத் திறக்கவில்லை. இந்நாட்டில் விளையாட்டு வீரருக்குச் சம்பளம் தரும் பெரிய எசமான்கள் படைகள். யுத்த காலம் முழுவதும் இந்தப் பகுதித் தமிழ், முஸ்லிம் இளைஞர்கள் அங்கே சேர்வது அரிதாகவே இருந்தது.

கூடைப்பந்து இங்கே வேரூன்றாமைக்கு வேறொரு காரணமும் உண்டு. 1891இல் ஸ்பிரிங்ஃபீல்டில் வைஎம்சிஏ பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நைஸ்மித் உருவாக்கிய இந்த ஆட்டம், மிஷன் பள்ளிகளின் வழியாகவே நமது பக்கம் வந்தது. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் அமெரிக்க இயேசு சபைக் குருமார் அதை ஊன்றினார்கள். லூசியானாவிலிருந்து வந்து அங்கே பயிற்சியளித்த யூஜின் ஹெபர்ட் அடிகள் 1990 ஆகஸ்டில் காணாமற்போனார். மட்டக்களப்பு மாணவனுக்குக் கூடைப்பந்து அறிமுகமான காலத்தில் நமது பக்கத்துச் சாய்ந்தமருதுக் கடற்கரை மணலில் ஓடியது உதைபந்து. இடையிலுள்ள தூரம் பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்தான். சிமெந்துத் தரையும் இரும்புக் கம்பமும் கேட்கும் ஆட்டம் அவற்றைக் கட்டிய நிறுவனத்தோடுதான் நகரும். மார்க்கத்தையோ உடல்வாகையோ காரணம் காட்டுவது சோம்பல்.

எனவே இந்த வாதத்தை நமது கரையோரத்தில் சோதிக்கக் கூடைப்பந்தைவிடக் கபடி பொருத்தம். நிந்தவூரில் அதற்கு உயிருள்ள மரபு உண்டு. 2014இல் தொடங்கிய இந்தியாவின் புரோ கபடி லீக் இலங்கை ஆட்டக்காரர்களையும் ஏலத்தில் எடுத்திருக்கிறது. அப்படிப் போகும் ஒருவரைப் பற்றி ஆராய்பவர் அவர் பெற்ற புள்ளிகளைப் பின்னர் எண்ணிக்கொள்ளலாம். முதலில் கேட்டுப் பார்க்க வேண்டியவை இரண்டு தாள்கள்: ஏலத்தில் எடுத்த கழகம் அவருக்குக் கொடுத்த ஒப்பந்தம்; இங்கே அவருக்குச் சம்பளம் கொடுக்கும் நிறுவனம் எத்தனை நாளைக்கு, சம்பளத்தோடா சம்பளமில்லாமலா என்று குறித்துக் கொடுத்த லீவுக் கடிதம்.