கான்ட்ஸ்ஃபெல்ட்

'கான்ட்ஸ்' என்றால் முழுமை, 'ஃபெல்ட்' என்றால் வயல் அல்லது வெளி. இவ்விரு ஜெர்மன் பதங்களும் கூடிப் பிறந்த இச்சொல், கண்ணுக்கெட்டும் பரப்பு முழுவதையும் யாதொரு வித்தியாசமுமின்றி ஒரே ஒளி நிறைத்து நிற்கும் நிலையைக் குறிக்கும். மனோதத்துவ அறிஞர் வுல்ஃப்காங் மெட்ஸ்கர் 1930இல் இந்நிலையைப் பரிசோதித்து, பார்ப்பவர் எதிரே சுவரைக் காணாமல் மூடுபனியையே உணர்வதாகப் பதிவு செய்தார்.

மனோதத்துவம் கற்றுப் பின்னர் கலைக்கு வந்த அமெரிக்கர் ஜேம்ஸ் டரெல், இப்பெயரையே தம் ஒளியறைகளின் ஒரு வரிசைக்குச் சூட்டினார். விளக்குகளை மறைத்து, மூலைகளை வளைத்து மழுக்கிய அவ்வறையின் திறப்பு, கீழே நிற்பவருக்குச் சுவரில் பதித்த வர்ணப் பலகையாகத் தட்டையாய்த் தோன்றும். பாதங்களுக்கு உறையிட்டுப் படியேறி உள்ளே காலெடுத்து வைத்த பிறகே அது வாசலென்று புலப்படும். உள்ளே செவ்வொளியில் சற்று நேரம் நின்று திரும்பினால், வந்த வழியின் வெண்சுவர் பச்சை பாய்ந்து தெரியும். அந்தப் பச்சை விளக்கின் காரியமன்று, சிவப்பில் களைத்த கண்ணின் காரியம்.

இவ்வொளியறைகளை ஓவியத்தின் இனமாகக் கொள்வதினும் கட்டடக் கலையின் இனமாகக் கொள்வதே பொருத்தமென்பது என் துணிபு. தூரிகைக்கு இல்லாத வேலை இங்கே கொத்தனாரின் கரணைக்கு உண்டு. தரையும் சுவரும் கூடுமிடத்தில் மெல்லியதொரு நிழற்கோடு விழுந்தாலும், கண் அதைப் பற்றிக்கொண்டு அறையின் அளவை அறிந்துவிடும்.