விஸ்கவுண்ட் விளக்கு

1950-களில் பறந்த விக்கர்ஸ் விஸ்கவுண்ட் விமானத்தில் பயணியின் தலைக்கு மேலே ஒரு சின்ன வாசிப்பு விளக்கு இருந்தது. கையடக்கமான உலோகக் குமிழ். நம் இந்தியன் ஏர்லைன்ஸும் 1957 முதல் விஸ்கவுண்ட் ஓட்டியது. மெட்ராஸ் வந்து இறங்கிய யாரோ ஒருவர் அப்படியொரு விளக்கடியில் விகடன் புரட்டியிருக்கவும் கூடும். காலம் போனது, ஜெட் விமானங்கள் வந்தன, விஸ்கவுண்ட்கள் ஒவ்வொன்றாகக் காயலான் கடைக்குப் போயின. விளக்குகளும் கூடவே போயின.

அவற்றில் சில 1970-களின் நடுவில் லண்டனுக்கு வடக்கே எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவுக்கு வந்து சேர்ந்தன. அங்கே ஜார்ஜ் லூகாஸின் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு செட் போட்டுக்கொண்டிருந்தார்கள். பணம் குறைவு, கேட்ட உலகமோ பெரிது. செட் அலங்காரம் பார்த்த ரோஜர் கிறிஸ்டியன் பழைய விமானச் சாமான்களைக் கூட்டமாக வாங்கிப்போட்டு, அவற்றைக் கழற்றி ஒட்டியே விண்கலங்களின் உட்புறத்தை உருவாக்கினார். அந்தப் படத்தின் கலை இயக்கத்துக்கு ஆஸ்கர் வாங்கிய நால்வரில் அவரும் ஒருவர். ஓவியர் ரால்ஃப் மக்வாரி வரைந்த குட்டை ரோபோவுக்கு உடம்பு கொடுக்கும் வேலை ஜான் ஸ்டியர்ஸின் குழுவுக்கு வந்தது. ஜேம்ஸ் பாண்டின் வித்தைக் காருக்குப் பின்னால் இருந்த அதே ஸ்டியர்ஸ்தான். ரோபோவின் வட்டத் தலையில் முன்னால் ஒன்று, உச்சியில் ஒன்று, பின்னால் ஒன்று என மூன்று இடங்களில் விஸ்கவுண்ட் விளக்கைப் பொருத்தினார்கள்.

ரோபோவின் பெயர் ஆர்2-டி2. இளவரசி லேயா உதவி கேட்டு அனுப்பும் செய்தி, ஒளியாலான சிற்றுருவமாக எழுந்து நிற்கும் காட்சி நினைவிருக்கிறதா? அந்த ஒளி புறப்படும் இடம், ஒரு காலத்தில் யாரோ ஒரு பயணியின் மடியில் விரித்த பத்திரிகைக்கு வெளிச்சம் காட்டிய வகைக் குமிழ்.

எனக்கு ஆர்டூவின் மேல் பிடிப்பு வந்தது இந்தத் தகவலுக்குப் பிறகுதான். சிறுவயதில் அதை எதிர்காலத்திலிருந்து வந்த பொருளாகப் பார்த்தேன். கழிவிலிருந்து எழுந்து வந்தது என்று தெரிந்ததும் மரியாதை கூடிப்போனது.

படப்பிடிப்பு 1976 மார்ச்சில் துனீசியப் பாலைவனத்தில் தொடங்கியது. மூன்று காலில் ஓடும் ரேடியோ கட்டுப்பாட்டு ஆர்டூ சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இந்தப் பக்கம் திருப்பினால் அந்தப் பக்கம் போகும். இல்லையென்றால் அப்படியே நின்றுவிடும். இரண்டு காலில் தத்தித் தத்தி நடக்கிற காட்சிகளுக்கு 3 அடி 8 அங்குல உயரமுள்ள கென்னி பேக்கர் உள்ளே உட்கார்ந்தார். வெளியே பேசுவது உள்ளே சரியாகக் காதில் விழாது, வெக்கை வேறு. மூன்று கால் ரோபோவையும் இரண்டு கால் ரோபோவையும் எடிட்டிங்கில் ஒட்டித்தான் திரையில் ஒரே உயிராக்கினார்கள். குரல் பென் பர்ட்டுடையது: தன் வாயால் குழந்தை மாதிரி மழலை பேசி, அதை சிந்தசைசர் ஒலியோடு கலந்தார்.

1977-ல் படம் வந்தது. பார்த்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, அதுவும் கையில் கருவி பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு, ஆர்டூ மேல் வந்த ஆசை வேறு ரகம். பொம்மை வாங்கி அலமாரியில் வைத்தால் அடங்கவில்லை. கிட்டத்தட்ட 1.1 மீட்டர் உயரத்தில், அசல் அளவில், வீட்டுக் கூடத்தில் உருண்டு வரவேண்டும்.

வரைபடத்துக்கு எங்கே போவது? ஸ்டுடியோவில் இருந்த ஆர்டூக்களே ஒன்றைப் போல் ஒன்று இல்லை. ஒன்றுக்கு அலுமினியத் தலை. அடுத்த படத்துக்கு டோனி டைசனின் பட்டறை செய்து கொடுத்தவற்றில் ஃபைபர்கிளாஸ் வேலை. ரசிகர்கள் வீடியோவை நிறுத்தி நிறுத்தித் திரையில் அளவுகோல் வைத்தார்கள். கண்காட்சியில் கண்ணாடிக்குப் பின்னால் ஆர்டூ நின்றால், முழங்காலிட்டுக் கோணம் கோணமாகப் படம் எடுத்தார்கள். தெரிந்த ஓர் அளவிலிருந்து தெரியாத அளவைக் கணக்குப் போட்டார்கள். உடம்பின் விட்டம் 18 அங்குலத்துக்குச் சற்று மேல் என்பது பலர் கண் பூத்து எட்டிய எண்.

நிறத்தில் இன்னொரு சிக்கல். ஆர்டூவின் நீலம் எந்த நீலம்? ஒரு காட்சியில் ஊதா கலந்து மின்னும். விண்கலத்தின் முதுகில் உட்கார்ந்து பறக்கும் காட்சிகளில் கருப்பாகவே தெரியும். காரணம் அந்தக் காலத்து நீலத்திரை உத்தி. நீலப் பின்னணியை நீக்கும்போது ஆர்டூவின் நீலப் பலகைகளும் சேர்ந்து காணாமல் போய்விடும். அதற்கு வேறு வழி பார்க்க வேண்டியிருந்தது. படத்தைப் பார்த்து நிறம் பிடிக்கப் போனவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டதில் வியப்பில்லை.

தனித்தனியாகத் தவித்தவர்களை 1999-ல் ஆஸ்திரேலியர் டேவ் எவரெட் ஒன்றுசேர்த்தார். ஆர்டூ பில்டர்ஸ் கிளப் பிறந்தது. அளவுகள் ஓரிடத்தில் சேர்ந்தன. பெயரில்லாத உறுப்புகளுக்குப் பெயர் வந்தது: தொலைபேசிப் பெட்டியில் காசு போடும் துவாரம் மாதிரி இருப்பது ‘காயின் ஸ்லாட்’, காசு திரும்பி விழும் குழி மாதிரி இருப்பது ‘காயின் ரிட்டர்ன்’, உடம்பின் அடியில் சரிந்து முடியும் பகுதி ‘ஸ்கர்ட்’. இன்றைக்கு ஜப்பானில் இருப்பவரும் பிரிட்டனில் இருப்பவரும் இதே சொற்களில்தான் பேசிக்கொள்கிறார்கள்.

விஸ்கவுண்ட் விளக்குக்கும் மறுபிறவி இங்கேதான். அசல் விளக்கு காயலான் கடையில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? லேத் வைத்திருக்கும் ஒருவர் அதே வடிவத்தை அலுமினியத்தில் கடைந்து தருகிறேன் என்பார். வேண்டியவர்கள் பெயர் கொடுப்பார்கள். போதுமான பெயர் சேர்ந்ததும் மொத்தமாகச் செய்து அனுப்புவார். இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘ரன்’. கால், தோள், தலை, கதவு, எல்லாமே இப்படி ரன் ரன்னாக வந்து சேரும். லாபத்துக்கு ஓடும் வியாபாரம் இல்லை இது. ஒருவருக்கு லேத் கைவரும், இன்னொருவருக்கு சர்க்யூட், மூன்றாமவருக்கு பெயிண்ட். ஊர்த்தேரில் தச்சரும் கொல்லரும் தங்கள் பங்கைக் கொண்டுவந்து பொருத்துவது போலத்தான். அலுமினியத்துக்குக் கையில் காசில்லாதவர் மரத்திலும் ஸ்டைரீன் தகட்டிலும் அறுத்து ஒட்டுகிறார். இப்போது த்ரீ-டி பிரிண்டரில் முழு உடம்பையும் அச்சிடுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். மணிக்கணக்கில் உப்புத்தாள் தேய்த்தால்தான் அச்சின் வரி மறையும்; அந்த வேலைக்கு இன்னும் குறுக்குவழி வரவில்லை.

பிறகு சந்திப்பு. அதே 1999-ல் டென்வரில் முதல் ‘ஸ்டார் வார்ஸ் செலிப்ரேஷன்’ ரசிகர் மாநாடு நடந்தது. கூடாரங்களுக்குள், மழையில், சேற்றில். அதற்குப் பின் வந்த மாநாடுகளில் டிராய்டு, அதாவது ஸ்டார் வார்ஸ் ரோபோ, கட்டுகிறவர்களின் கூடம் நிலைத்துவிட்டது. வருடக்கணக்கில் கார் ஷெட்டில் தனியாக உட்கார்ந்து, வீட்டாருக்கும் விளங்காத வேலையைச் செய்துகொண்டிருந்தவர் தன் டிராய்டை உருட்டிக்கொண்டு அந்தக் கூடத்துக்குள் நுழைகிறார். உள்ளே ஆர்டூக்கள் வரிசையாக நிற்கின்றன. பளபளப்பவை, வேண்டுமென்றே அழுக்குப் பூசியவை, பச்சை, சிவப்பு, கருப்பு. சிலதின் தலை கழற்றி வைக்கப்பட்டிருக்கும். கழுத்துக்குள் எட்டிப் பார்த்தால் பெரிய வட்ட பேரிங், பேட்டரி, நிறம் நிறமாக ஒயர்கள், பாதத்துக்குள் சக்கர நாற்காலியிலிருந்து வந்த மோட்டார். பார்க்கிறவர் வணக்கம் சொல்வதற்கு முன்பே குனிந்து, “கணுக்காலை எப்படிப் பூட்டினீங்க?” என்று கேட்டுவிடுகிறார். கேட்கப்பட்டவர் முகத்தைப் பார்க்க வேண்டும்! இந்தக் கேள்விக்காக எத்தனை வருடம் காத்திருந்தார்! பாதத்து மூடியைக் கழற்றி, போல்ட்டைக் காட்டி, முதலில் தப்பாகப் போட்ட துளையையும் மறைக்காமல் காட்டுவார். கிளம்பும்போது உதிரி பேரிங் ஒன்று கை மாறியிருக்கும்.

வெளியே, நடைபாதையில் இன்னொரு காட்சி. கூட்டத்துக்குள் ஆர்டூ தானே வழி பார்த்துக்கொண்டு வருகிறது. ஒரு குழந்தையின் முன் நின்று, தலையைத் திருப்பி, விசிலடிக்கிறது. குழந்தை அதன் காதில், அதாவது காது இருக்கக்கூடும் என்று தனக்குப்பட்ட இடத்தில், ரகசியம் சொல்கிறது. ஏழெட்டு அடி தள்ளி, ஆர்டூவைப் பார்க்காதவர் போல ஒருவர் நிற்கிறார். ஒரு கை பாக்கெட்டுக்குள் இருக்கிறது. ஒரு கையில் அடங்கும் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர் ஒன்றைத்தான் பலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். ஓட்டுகிறவர் கண்ணில் படாமல் இருப்பது இவர்களிடையே பெரிய கலை. துனீசியாவில் சொன்ன பேச்சைக் கேட்காத ரோபோவை இப்படிக் குழந்தையின் முகத்துக்கு முன் வழுக்கிக்கொண்டு வந்து நிற்க வைத்தது இந்த ஷெட்டுகளில் கழிந்த இரவுகள்.

2005-ல் இந்தக் கூட்டத்துக்கு ஒரு வேண்டுகோள் வந்தது. படத்தில் வரும் ஸ்டார்ம்ட்ரூப்பர் சிப்பாய்களின் உடையணியும் ரசிகர்களின் 501-வது லீஜியனை 1997-ல் தொடங்கிய தென் கரோலினாக்காரரின் சின்ன மகளுக்கு மூளையில் புற்றுநோய். ‘அட்டாக் ஆஃப் தி க்ளோன்ஸ்’ படத்தில் பத்மே தூங்கும்போது ஆர்டூ காவல் நிற்குமே, அதுபோல் தன்னருகே ஒரு ஆர்டூ நிற்க வேண்டும் என்று அவள் கேட்டாள். புதிதாக ஒன்று கட்ட மாதங்கள் ஆகும். அவளிடம் மாதங்கள் இல்லை. கட்டுநர் ஒருவர் தன் ஆர்டூவின் நீலத்தை இளஞ்சிவப்பாக மாற்றி அவள் வீட்டுக்குக் கொண்டுபோனார். அது அவள் பக்கத்தில் நின்றது. அந்த ஆகஸ்டில், ஏழு வயதில், அவள் போய்விட்டாள்.

அவர்கள் வேலையை நிறுத்தவில்லை. அமெரிக்காவின் பல மூலைகளிலிருந்து உறுப்புகள் வந்து சேர, அவளுக்கென்றே தொடங்கிய இளஞ்சிவப்பு டிராய்டு 2006-ல் முடிந்தது. பெயர் ஆர்2-கேடி. கடைசி இரண்டு எழுத்தைச் சேர்த்து உச்சரித்தால் அவள் பெயர். அன்றிலிருந்து அது மருத்துவமனைகளுக்குப் போகிறது, நோயுற்ற குழந்தைகளின் கட்டிலருகே நிற்கிறது.

2013 ஜூலையில் ஜெர்மனியின் எசன் நகரில் செலிப்ரேஷன் நடந்தது. லூகாஸ்ஃபிலிமின் அப்போதைய தலைவர் கேத்லீன் கென்னடி கட்டுநர்களின் பகுதிக்கு வந்தார். பிரிட்டனைச் சேர்ந்த லீ டவர்சியும் ஆலிவர் ஸ்டீபிள்ஸும் அங்கே இருந்தார்கள். அடுத்த படத்துக்கு ஆர்டூ வேண்டுமென்றால் நாங்கள் இருக்கிறோம் என்று பாதி விளையாட்டாகச் சொன்னார்கள். விளையாட்டு பலித்தது, பைன்வுட் ஸ்டுடியோவில் ‘தி ஃபோர்ஸ் அவேகன்ஸ்’ படத்தின் ஆர்டூவைக் கட்டும் பொறுப்பு இருவர் கைக்கும் வந்தது. திரையை நிறுத்தி அளவுகோல் வைத்த கூட்டத்திலிருந்து இருவர், அந்தத் திரைக்குப் பின்னாலேயே போய்விட்டார்கள். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. அந்த ரோபோவின் ஒவ்வொரு போல்ட்டையும் அவர்களைவிட யார் நேசித்திருக்க முடியும்?

2015-ல் வந்த அந்தப் படத்தில், எதிர்ப்புப் படையின் தளத்தில் ஆட்கள் நடமாடும் காட்சியில், பின்னணியில் ஒரு டிராய்டு தெரிகிறது. இளஞ்சிவப்பு, தலையில் அதே குமிழ்கள். சில நொடிகள்தான். தெரிந்தவர்கள் அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, பக்கத்தில் இருப்பவருக்கு விரலால் தொட்டுக் காட்டுகிறார்கள்.