டெல்லி பெயர் பெற்ற மரபணு

2008 ஜனவரி. ஸ்வீடனில் ஒருவருடைய சிறுநீர் மாதிரியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். கிளெப்சியெல்லா நிமோனியே வளர்ந்தது. சிறுநீர்த் தொற்றில் அடிக்கடி பார்க்கும் கிருமிதான். ஆனால் கார்பபெனெம் அதை ஒன்றும் செய்யவில்லை. மற்ற ஆன்டிபயாட்டிக்குகள் கைவிடும்போது டாக்டர்கள் எடுக்கும் மருந்து அது.

நோயாளிக்கு 59 வயது, இந்திய வம்சாவளி. சில வாரங்களுக்கு முன்புதான் டெல்லியில் ஒரு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுத் திரும்பியிருந்தார். கிருமியை ஆராய்ந்தவர்களில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் டிமோதி வால்ஷ் ஒருவர். அதுவரை யாரும் பதிவு செய்யாத ஒரு நொதியை அந்தக் கிருமி சுரந்துகொண்டிருந்தது. துத்தநாக அயனிகளின் துணையோடு மருந்து மூலக்கூறின் மைய வளையத்தையே அது உடைத்துவிடும். 2009இல் கட்டுரை வந்தபோது அதற்கு 'நியூ டெல்லி மெட்டல்லோ பீட்டா லாக்டமேஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சுருக்கமாக என்டிஎம்-1.

அந்தக் கட்டுரையில் என்னை மிகவும் பயமுறுத்துவது வேறொரு தகவல். அதே மனிதரின் மலத்தில் எடுத்த ஈ. கோலையிலும் இந்த நொதிக்கான மரபணு இருந்தது. பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் அது உட்கார்ந்திருப்பதால், ஒரு கிருமி வேறு இனக் கிருமிக்கும் அதைப் பிரதி எடுத்துக் கொடுத்துவிடும். அந்தக் கைமாற்றம் அவருடைய குடலிலேயே நடந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். சிறுநீர்த் தொற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமே குடலிலிருந்து வரும் ஈ. கோலைதான்.

2010 ஆகஸ்டில் லான்செட் குழும இதழில் அடுத்த கட்டுரை வந்தது. அதை எழுதியவர்களில் முதல் பெயர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஆய்வு செய்த குமாரசாமி கார்த்திகேயன். என்டிஎம்-1 உள்ள கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37. டெல்லியில் கொதித்தெழுந்தார்கள். மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்க நடக்கும் சதி என்றார்கள். பெயர் வைத்த விதத்துக்காக லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் 2011 ஜனவரியில் மன்னிப்பும் கேட்டார்.

டெல்லியின் பெயரை வைக்கக் கூடாது என்ற கோபம் நியாயம்தான். சதி என்றது அபத்தம். ஏனென்றால் லான்செட்டுக்கு முன்பே, 2010 மார்ச்சில், மும்பை டாக்டர்கள் 24 கிருமிகளைச் சோதித்து 22இல் என்டிஎம்-1 இருப்பதாக இந்திய இதழிலேயே எழுதியிருந்தார்கள். 2006இல் இந்தியாவில் சேகரித்து வைத்திருந்த மாதிரிகளிலும் பிற்பாடு அது அகப்பட்டது. ஸ்வீடனில் நடந்தது பெயர்சூட்டல் மட்டுமே.

2011இல் வால்ஷ் குழு டெல்லித் தெருக்களில் தேங்கிய நீரையும் குழாய்த் தண்ணீரையும் சோதித்தது. தேங்கிய நீரில் 171க்கு 51, குழாய் நீரில் 50க்கு 2 மாதிரிகளில் அந்த மரபணு இருந்தது. மருத்துவமனையை விட்டு அது எப்போதோ வெளியே வந்துவிட்டது.

2012இல் டாக்டர்கள் கூடி, கிருமிகளின் மருந்து எதிர்ப்பைச் சமாளிக்கச் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டார்கள். 2014 மார்ச் முதல் ஷெட்யூல் எச்1 விதி அமலில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள மருந்தைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது; எழுதிய டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். கார்பபெனெம் மட்டுமல்ல, நீர்க்கடுப்புக்குச் சர்வசாதாரணமாகக் கேட்டு வாங்கும் செஃபிக்சைமும் அதில் உண்டு. அடுத்த முறை வாங்கும்போது உங்கள் பெயரை எழுதிக்கொள்கிறாரா என்று கவனியுங்கள்.