கம்பம்தான் காலேஜ்

2018 நவம்பர் 16. விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை என்று நான்கு மாவட்டங்களையும் உலுக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை விழுந்த கதையை நிறையப் பேசினோம். தென்னையோடு கூடவே விழுந்தவை மின்கம்பங்கள். ஒரு லட்சத்துக்கும் மேல்.

ஒரு லட்சம் கம்பம் என்றால் என்ன கணக்கு? ஐம்பது மீட்டருக்கு ஒன்று என்று நட்டுக்கொண்டே போனால் ஐயாயிரம் கிலோமீட்டர். கன்னியாகுமரியில் ஆரம்பித்து காஷ்மீர் போய்ச் சேர்ந்த பிறகும் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கம்பம் மிச்சமிருக்கும். அத்தனையையும் திரும்ப நட்டாக வேண்டும். அதுவும் எங்கே? தார்ச்சாலை ஓரத்தில் அல்ல. முழங்கால் வரைக்கும் உள்ளே இழுக்கிற டெல்டா வயல் சேற்றில்.

வெளி மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கேரள மின்வாரியத்திலிருந்தும் வந்தார்கள். அந்த வருஷம் ஆகஸ்டில் அவர்கள் ஊர் வெள்ளத்தில் மிதந்தபோது நம் ஆட்கள் போயிருந்தார்கள். அந்தக் கடன் நவம்பரில் திரும்பி வந்தது. கூரை பறிபோன வீட்டுக்காரர்கள்கூட வந்தவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள்.

எல்லாம் சரி. எனக்கு ஒரு சின்ன சந்தேகம். கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்து கம்பியை இழுத்துக் கட்டுகிறாரே ஒருவர், அந்த வேலையை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

டாக்டருக்குக் காலேஜ் இருக்கிறது. வக்கீலுக்கு இருக்கிறது. டெபிட் எந்தப் பக்கம், கிரெடிட் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள எனக்கே மூன்று வருஷம் பி.காம். தேவைப்பட்டது. நான் தப்பாக எழுதினால் அழித்து எழுதலாம். அவர் தப்பு பண்ணினால் அழிப்பதற்கு ரப்பர் கிடையாது. அப்படியானால் அவருடைய காலேஜ் எது?

கொஞ்சம் பின்னால் போகலாம்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு மேட்டூர் என்றால் தண்ணீர். 1934-ல் அணை திறந்தது. ஜூன் 12 வந்தால் தண்ணீர் விடுவார்களா, மாட்டார்களா என்பதுதான் இன்றைக்கும் பேச்சு. ஆனால் மேட்டூர் அனுப்பியது தண்ணீரை மட்டும் அல்ல. 1937-ல் அணையின் அடியிலேயே மின்நிலையம் ஓட ஆரம்பித்தது. 10 மெகாவாட் மெஷின்கள் நான்கு. ஆக மொத்தம் 40 மெகாவாட். அங்கிருந்து கம்பி வழியாகத் திருச்சிக்கும் தஞ்சைக்கும் கரண்ட் வந்தது. ஆக, ஒரே காவிரித் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கம்பியில் ஒரு தடவை, வாய்க்காலில் ஒரு தடவை என்று இரண்டு வழியாக டெல்டாவுக்கு வந்து சேர்ந்தது.

அதற்கு முன்பே 1932-ல் நீலகிரியில் பைக்காரா தொடங்கியாகிவிட்டது. சென்னை மாகாண அரசுக்கு மின்சாரத்துக்கென்றே தனி இலாகா வந்துவிட்டது. கிண்டி இன்ஜினீயரிங் காலேஜில் 1930-லேயே எலெக்ட்ரிகல் படிப்பு வந்துவிட்டது. கரண்ட் வருவதற்கு முன்பே கரண்டைப் படித்தவர்களைத் தயார் செய்துவிட்டார்கள். நல்ல முன்யோசனை. மறுப்பதற்கில்லை.

கம்பத்தில் ஏறுகிறவருக்கு? அவருக்கென்று யாரும் பள்ளிக்கூடம் கட்டவில்லை. குழி தோண்டவும் கம்பம் தூக்கவும் தினக்கூலிக்கு ஆள் வந்தார்கள். அவர்களில் பயமில்லாமல் மேலே ஏறுகிறவன் யார் என்று பார்த்து ஏற்றிவிட்டார்கள். மூத்தவர் செய்வதைப் பார்த்து இளையவர் செய்தார். தவில் வாசிப்பு மாதிரி குருகுலம்தான். ஒரே ஒரு வித்தியாசம், தவிலில் தாளம் தப்பினால் குரு குச்சியால் தட்டுவார். இங்கே தட்டுவது பதினோராயிரம் வோல்ட்.

இது நம் ஊர்க் குறை மட்டும் இல்லை. வெள்ளைக்காரன் ஊரிலும் இதே கதைதான். இன்னும் கொடூரமாகவே நடந்தது.

1889 அக்டோபர் 11. நியூயார்க் நகரம். மதிய நேரம், தெரு நிறைய ஜனம். ஜான் ஃபீக்ஸ் என்ற தந்திக் கம்பெனி லைன்மேன் கம்பத்தில் ஏறி, கரண்ட் இல்லாத தந்திக் கம்பி என்று நினைத்து ஒன்றைத் தொட்டார். எங்கேயோ தூரத்தில் அந்தக் கம்பி மேல் ஹைவோல்டேஜ் கம்பி உரசிக்கொண்டிருந்தது. அத்தனை பேர் கண்ணெதிரில், கம்பிச் சிக்கலுக்குள் மாட்டிக்கொண்டு எரிந்து செத்தார். நகரமே ஆடிப்போனது. கம்பிகளைப் பூமிக்கடியில் புதைக்கும் வேலை அதற்குப் பிறகு வேகம் பிடித்தது.

இரண்டே வருஷத்தில், 1891-ல், செயின்ட் லூயிஸ் நகரில் மின்தொழிலாளர்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். முதல் தலைவர் ஹென்றி மில்லர். அவரும் லைன்மேன்தான். வேலைக்குச் சேர்கிற லைன்மேன்களில் இரண்டு பேருக்கு ஒருவர் செத்துப்போன ஊர்களும் அப்போது இருந்ததாக அந்தச் சங்கத்தின் வரலாறு சொல்கிறது. 1896-ல் வாஷிங்டனில் கம்பத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது ஷாக் அடித்துக் கீழே விழுந்து மில்லரும் இறந்தார்.

சாவுகள் சேரச் சேரத்தான் பயிற்சி வந்தது. வருஷக் கணக்கில் நீளும் அப்ரண்டிஸ் முறை வந்தது. இன்றைக்கு அமெரிக்காவில் லைன்மேன் வேலைக்கென்றே காலேஜ் உண்டு. 1993-ல் ஐடஹோ மாநிலத்தில் அப்படி ஒன்று தொடங்கியது. வகுப்பறைக்குப் பின்னால் மைதானம், மைதானம் முழுக்கக் கம்பங்கள். கரண்ட் இல்லாத கம்பங்களில் மாணவர்கள் 15 வாரம் ஏறி இறங்குகிறார்கள். அதற்குப் பிறகும் மூன்று நான்கு வருஷம் அப்ரண்டிஸ்.

கான்சாஸில் 1984-லிருந்து லைன்மேன்களுக்கு ஒரு போட்டியே நடக்கிறது. பச்சை முட்டையை எடுத்துக்கொண்டு கம்பம் ஏறி, இறங்கும்போது அதை வாயில் கவ்விக்கொண்டு உடையாமல் வர வேண்டும். சிரிக்காதீர்கள். அவசரப்படாத கை கால்தான் இந்த வேலைக்கு முதல் தகுதி. முட்டை அதைத்தான் அளக்கிறது. இன்னொரு போட்டி, மயங்கித் தொங்குகிற மனிதனைக் கம்பத்திலிருந்து கீழே இறக்குவது. ஆளுக்குப் பதில் பொம்மை. கொடுக்கிற நேரம் நான்கு நிமிடம். மூச்சு நின்றவனுக்கு அவ்வளவுதான் அவகாசம்.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

சுதந்திரத்துக்குப் பிறகு ஒரு நல்ல காரியம் நடந்தது. 1950-ல் மத்திய அரசு கைத்தொழில் பயிற்சித் திட்டத்தைக் கொண்டுவந்தது. நாம் ஐ.டி.ஐ. என்கிறோமே, அது. எலெக்ட்ரீஷியன், வயர்மேன் என்று இரண்டு வருஷப் படிப்புகள் வந்தன. 1961-ல் அப்ரண்டிஸ் சட்டம். தஞ்சாவூர், ஒரத்தநாடு, நாகப்பட்டினம் என்று டெல்டாவிலும் அரசு ஐ.டி.ஐ.க்கள் வந்தன. விவசாயக் கூலி வீட்டுப் பையன் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு அரசு வேலைக்குப் போக அது ஒரு ஏணி. அந்த ஏணியைக் குறைத்துப் பேசினால் பாவம்.

ஆனால், அந்தப் படிப்பில் பெரும்பகுதி வீட்டு வயரிங், மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர். வெளியே ஓடுகிற லைன் அதில் ஒரு பகுதி மட்டும்தான்.

இன்னொரு பக்கம் லைன் வளர்ந்துகொண்டே போனது. 1957-ல் மின்வாரியம் உருவானது. காமராஜர் காலத்தில் கிராமம் கிராமமாகக் கம்பம் நட்டார்கள். காவிரி ஏமாற்ற ஏமாற்ற, ஆற்றை நம்பிய டெல்டா போர்செட்டுக்கு மாறியது. 1990-ல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது. நடுவயலில் ஒரு மோட்டார் கொட்டகை, அதுவரைக்கும் ஒரு லைன். ஒவ்வொரு மோட்டாரும் கம்பத்தின் எண்ணிக்கையைக் கூட்டியது. ஏறுகிற ஆள் அதே வேகத்தில் கூடினாரா என்று பதவி வாரியாகக் கணக்குப் பார்த்தால் தெரியும். ‘காலிப் பணியிடம்’ என்ற வார்த்தையைக் கேட்காத ஈ.பி. சங்கக் கூட்டம் உண்டா?

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் ஐ.டி.ஐ. முடித்து ஹெல்பராகச் சேர்ந்தார். முதல் மாசம் அவரை யாரும் கம்பத்தில் ஏற விடவில்லையாம். கயிறு எடுத்துக் கொடு, கீழே நில்லு, பாரு. அவ்வளவுதான். பாடம் நடத்தியவர் ஓய்வு பெறும் வயதில் இருந்த ஒரு லைன்மேன். அவர் சொன்னதை அண்ணன் அடிக்கடி சொல்வார். “தம்பி, கரண்ட் இல்லேன்னு போன்ல சொன்னா நம்பாதே. எதிர்வீட்டு லைட் எரியலையேன்னு நம்பாதே. உன் கையால எர்த் போட்டியா? அதை மட்டும் நம்பு.”

இதில் ஒரு முழுப் பாடப்புத்தகம் இருக்கிறது. லைனில் வேலை என்றால் முதலில் சப்ஸ்டேஷனில் லைன் கிளியர் வாங்க வேண்டும். அதாவது, நான் சொல்லும் வரை இந்த லைனுக்கு கரண்ட் விடாதே என்று எழுத்தில் வாங்குகிற உத்தரவாதம். அடுத்து சுவிட்சைத் திறந்து பூட்ட வேண்டும். கரண்ட் செத்துவிட்டதா என்று சோதிக்க வேண்டும். பிறகு வேலை செய்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் ராடு மாட்டி, கம்பிகளை மண்ணோடு இணைக்க வேண்டும்.

கரண்ட்தான் நின்றுவிட்டதே, எர்த் எதற்கு? காரணம் இருக்கிறது. யாரோ ஒரு கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்திருப்பார். அந்த கரண்ட் பின்வாசல் வழியாக லைனுக்குள் வந்து, டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, ஆயிரக்கணக்கான வோல்ட்டாகக் கம்பத்து மேல் இருப்பவரைத் தேடி வரும். எர்த் போட்டிருந்தால் மண்ணுக்குள் போய்விடும். போடாவிட்டால் அவர்தான் எர்த். 1889-ல் ஜான் ஃபீக்ஸைக் கொன்றதும் இப்படி எங்கிருந்தோ வந்த கரண்ட்தான். நூறு வருஷத்துக்கு மேலாகியும் பாடம் மாறவில்லை.

சட்டமும் சும்மா இல்லை. மத்திய மின்சார ஆணையம் 2010-ல் போட்ட பாதுகாப்பு விதிகளிலேயே, லைனில் வேலை பார்ப்பவருக்குப் பயிற்சி கட்டாயம் என்று இருந்தது. ‘மின்பகிர்மான லைன்மேன்’ என்ற பெயரிலேயே இப்போது தேசிய அளவில் பாடத்திட்டம் இருக்கிறது. கரண்டை நிறுத்தாமலே வேலை பார்க்கும் வித்தைக்கு பெங்களூரில் மத்திய அரசின் பயிற்சி மையம் இருக்கிறது. பேப்பரில் குறை இல்லை.

2019-ல் தமிழ்நாட்டில் கேங்மேன் வேலைக்கு ஆள் எடுக்க அறிவிப்பு வந்தது. ஐந்தாம் வகுப்பு படித்திருந்தால் போதும். பட்டதாரிகளும் விண்ணப்பித்தார்கள். கம்பம் ஏறும் தேர்வு நடந்தது. 2021-ல் ஒன்பதாயிரத்து அறுநூறு பேருக்கு மேல் நியமனம் கிடைத்தது. நல்லது. அத்தனை குடும்பத்தில் அடுப்பு எரிந்தது. ஆனால் ஏறத் தெரிகிறதா என்று பார்ப்பது தேர்வு. மேலே போய் எதைத் தொடக்கூடாது என்று சொல்லிக்கொடுப்பதுதான் பயிற்சி. முன்னதற்குச் சில நிமிடம் போதும். பின்னதற்கு மாசக்கணக்கு வேண்டும்.

பக்கத்துத் தெலங்கானாவில் பப்புரி சிரிஷா என்ற பெண், ஐ.டி.ஐ. எலெக்ட்ரிகல் படித்தவர், லைன் வேலைக்கு மனுப் போட்டார். பெண்களுக்கு இல்லை என்றார்கள். ஹைகோர்ட் வரை போய், கம்பம் ஏறிக் காட்டி, 2022-ல் வேலைக்குச் சேர்ந்தார். இது முரட்டு உடம்பின் வேலை இல்லை, படித்துக்கொள்ள வேண்டிய தொழில் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

2010-ல் மின்வாரியம் கம்பெனிகளாகப் பிரிந்தது. 2024-ல் திரும்பவும் பிரிந்து புதுப்பெயர் வைத்துக்கொண்டது. நமக்கு என்றைக்கும் ஈ.பி.தான். அந்த ஈ.பி.யின் கணக்குப் புத்தகத்தில் டிரான்ஸ்ஃபார்மர் சொத்து, கம்பம் சொத்து. இரண்டுக்கும் வருஷா வருஷம் தேய்மானம் எழுதுவார்கள். கம்பத்தில் இருபது வருஷம் ஏறி இறங்கிய ஒருவரின் கைக்குள் இருக்கிற அறிவு எந்தப் பக்கமும் வராது. அவர் ஓய்வு பெறும் அன்று மாலை போட்டு, மோதிரம் போட்டு, அந்தச் சொத்தையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். ஒரு மைதானம், நாலு கரண்ட் இல்லாத கம்பம், சொல்லிக்கொடுக்க அப்படிப்பட்ட ஒரு பெரியவர். மாவட்டத்துக்கு ஒன்று வைக்க எத்தனை கோடி ஆகிவிடும்?

அந்தப் பழைய லைன்மேனைப் பற்றி அண்ணன் இன்னொன்றும் சொல்வார். வேலை முடிந்ததும் அவர் உடனே லைன் கிளியரைத் திருப்பிக் கொடுக்க மாட்டாராம். ஊரே இருட்டில் உட்கார்ந்து கத்தினாலும் சரி. ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டு, எதிரில் நிற்க வைத்து விரல் விட்டு எண்ணுவாராம். ஏறினது எத்தனை பேர், இறங்கினது எத்தனை பேர்? இரண்டும் சரியாக இருந்தால்தான் கரண்ட்.

பி.காமில் இதற்கு ‘டேலி ஆவது’ என்று பெயர். மூன்று வருஷம் படித்தேன். இவ்வளவு முக்கியமான கணக்கை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.