சுசோ மரபுத் தோட்டங்கள்

சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில், ஷாங்காயிலிருந்து மேற்கே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் உள்ள சுசோ நகரின் பழைய வீட்டுத் தோட்டங்கள். அவற்றுள் நான்கை 1997லும் மேலும் ஐந்தை 2000லும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. அதிவேக ரயிலில் ஷாங்காயிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடலாம் என்பதால், பலர் ஒரே பகலில் நான்கைந்து தோட்டங்களைப் பார்க்க முயல்கின்றனர். இரண்டுக்கு மேல் பார்ப்பது வீண்.

காரணம் இவற்றின் அமைப்பிலேயே இருக்கிறது. ஓய்வுபெற்ற அதிகாரிகளும் கற்றோரும் செல்வரும் குடியிருந்த வீடுகளின் பகுதிகள் இவை. தெருவிலிருந்து வெறும் வெள்ளைச் சுவர்தான் தெரியும். உள்ளே போனாலும் எந்த இடத்தில் நின்றும் முழுத் தோட்டத்தைப் பார்க்க முடியாது. பாறைக்குன்று மறைக்கும், தாழ்வாரம் திரும்பும், சுவரின் சாளரம் அடுத்த முற்றத்தில் ஒரு மூங்கில் புதரை மட்டும் காட்டும். குளத்தருகே ஒரு மண்டபத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்தால்தான் இந்த ஏற்பாடு பிடிபடும்.

நகரில் மிகப் பெரியது சுவோசெங் யுவான் (சுமார் 5.2 ஹெக்டேர்). பதவியை விட்டு ஊர் திரும்பிய வாங் சியான்சென் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை அமைத்தார். ஓவியர் வென் செங்மிங் 1533இல் இதன் 31 காட்சிகளை வரைந்தார். நடுப்பகுதியின் கிழக்கு ஓரத்தில் நின்று குளத்தின் நெடுக மேற்கே பார்த்தால், மரங்களுக்கு மேல் ஒரு கோபுரம் எழுந்து நிற்கும். அது தோட்டத்துக்கு வெளியே, நகரின் வடகோயிலைச் சேர்ந்த பகோடா. வெளிக்காட்சியை இப்படி உள்ளே இரவல் வாங்கும் கலையை, ஜி செங் 1631இல் எழுதிய ‘யுவான் யே’ என்னும் தோட்டக்கலை நூல் விரிவாகப் பேசுகிறது. இங்கே மழையோசை கேட்பதற்கென்றே ஒரு மண்டபம் உண்டு; வாழை இலையில் விழும் மழைக்காகப் பக்கத்திலேயே வாழை வளர்த்திருக்கிறார்கள். ஆகவே மழை நாளில் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை.

தாய் ஏரியின் நீர் அரித்துத் துளைத்த சுண்ணாம்புக் கற்களே இத்தோட்டங்களின் பெருமை. லியு யுவான் என்னும் தோட்டத்தில் 6.5 மீட்டர் உயரக் கல் ஒன்று சிலைபோல் தனித்து நிற்கிறது. 1342இல் ஒரு பௌத்த மடத்தோடு தொடங்கிய சிங்கச் சோலையில் கற்களுக்கிடையே குகைவழிகள் பின்னிக் கிடக்கின்றன. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஏற்ற இடம். தரையையும் பார்த்து நடக்க வேண்டும். கூழாங்கல், ஓட்டுச் சில்லு, உடைந்த பீங்கான் ஆகியவற்றைச் செங்குத்தாகப் பதித்துப் பூவும் கொக்கும் வரைந்திருப்பார்கள்.

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் வாங்ஷி யுவானுக்குப் போகலாம். அரை ஹெக்டேரைச் சற்றே தாண்டும் இத்தோட்டத்தில் குளம் சிறியது. அதைச் சுற்றிவர எத்தனையோ கோணங்கள். இதன் ஒரு முற்றத்தை மாதிரியாகக் கொண்டே நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் சீன முற்றம் 1981இல் திறக்கப்பட்டது.

ஏப்ரலும் அக்டோபரின் பிற்பாதியும் நல்ல காலம். மே தின விடுமுறையையும் அக்டோபர் முதல் வாரத்தையும் தவிர்த்துவிட வேண்டும்; அப்போது தாழ்வாரங்களில் நிற்கவே இடம் இருக்காது. சுவோசெங் யுவானுக்குக் கடவுச்சீட்டு எண்ணைக் கொடுத்து முன்பதிவு செய்துகொண்டு, காலையில் கதவு திறக்கும்போதே உள்ளே போய்விடுவது நல்லது.