குடத்திலிட்ட ஓலையும் பள்ளி வாசல் நோட்டீஸும்

மட்டாஞ்சேரிப் பக்கம் தேர்தல் வந்துவிட்டால் பள்ளிக்கூடங்கள்தான் பெரும்பாலும் வாக்குச்சாவடி. வாசலில் வேட்பாளர் பட்டியல் ஒட்டியிருக்கும். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் என்றால் 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாது என்பது சட்டம். இந்த விதிகளையெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நம்மவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஓட்டுப் போடும் இடத்துக்கு விதி எழுதி, அதை ஊரறியச் சுவரில் பொறித்த ஒரு பழைய சாட்சி தமிழ் மண்ணிலேயே இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறித்த இரு கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. ஊர் 30 குடும்புகள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளோர் பெயரை ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். சிறியோர் பெரியோர் எல்லாரும் கூடிய சபையில், முதிய நம்பி ஒருவர் குடத்தைத் தூக்கி எல்லாரும் காணக் காட்டுவார். ஒரு கட்டை எடுத்து வேறு குடத்தில் இட்டுக் குலுக்கி, உள்ளே இருப்பது என்னவென்று அறியாத சிறுவனைக் கொண்டு ஓலை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். அதை மத்யஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரல் மடங்கினால் ஓலை மாறிவிடும் அல்லவா! அவர் வாசித்த பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லாரும் வாசிக்க வேண்டும். அப்புறம்தான் பெயர் ஏற்கப்படும்.

கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துக்குள்ளேயே போகாது. அவர் அப்பா, மகன், தாய்மாமன், மருமகன் என உறவினருக்கும் தடை உண்டு. 919இல் வயது வரம்பு 30 முதல் 60 வரை இருந்தது. இரண்டே வருஷத்தில் அதை 35 முதல் 70 வரை என்று மாற்றினார்கள். விதியில் குறை கண்டால் சபை கூடித் திருத்தியது. ஒன்றை மறைக்கக் கூடாது. அது பிராமண சபை. வரி கட்டும் நிலமும் சொந்த மனையும் உடையவருக்கே இடம், பெண்களுக்கு இடமில்லை. பெருமை பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

விதி எழுத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு நம் எறணாகுளம் மாவட்டத்திலேயே ஒரு வழக்கு உண்டு. 1982 மே 19 சட்டமன்றத் தேர்தலில், வடக்குப் பறவூர்த் தொகுதியின் 84 வாக்குச்சாவடிகளில் 50இல், இந்தியாவிலேயே முதன்முறையாக மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் வைக்கப்பட்டது. சிவன் பிள்ளை 123 ஓட்டில் ஜெயித்தார். தோற்ற ஏ.சி. ஜோஸ் நீதிமன்றம் போனார். 1984இல் உச்சநீதிமன்றம் சொன்னது இதுதான்: சட்டமும் விதியும் வாக்குச்சீட்டைத்தான் சொல்கின்றன, சட்டம் இடம் தராமல் தேர்தல் ஆணையம் தன் உத்தரவால் மட்டும் இயந்திரத்தைக் கொண்டுவர முடியாது. அந்த 50 சாவடிகளிலும் வாக்குச்சீட்டு வைத்து மறுபடி ஓட்டுப்பதிவு நடந்தது, ஜோஸ் ஜெயித்தார். 1988இல் சட்டத்தைத் திருத்திய பிறகே இயந்திரத்துக்குச் சட்டப்படி இடம் கிடைத்தது. இயந்திரம் நல்லதா கெட்டதா என்பதல்ல அங்கே கேள்வி. ஓட்டுப் போடும் முறை முன்கூட்டியே எழுதப்பட்டு எல்லாருக்கும் தெரிந்திருந்ததா என்பதே.

இனி நம் வீட்டு விஷயம். நாம் ஓட்டுப் போடும் அதே பள்ளிக்கூடத்தில் இன்னொரு தேர்வும் நடக்கிறது. 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. உறுப்பினரில் நாலில் மூன்று பங்காவது பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கும் விகிதப்படி இடம். பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவதும், வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் இக்குழுவின் வேலை. உதவி பெறும் பள்ளிகளில் ஆலோசனை சொல்வதோடு சரி. உத்திரமேரூர்ச் சபையில் இடமே இல்லாத பெண்களுக்கு இங்கே பாதி இடம்!

ஆனால் கூட்டத்துக்கு யார் போகிறார்கள்? நம்மில் பலர் மலையாளம் சரளமாகப் பேசுவோம். நோட்டீஸை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறுவோம். பிள்ளை பையில் வந்த காகிதம் அலமாரியிலேயே கிடக்கும். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலமும் உள்ளாட்சியும் முயல வேண்டும் என்கிற 350ஏ பிரிவு 1956 முதல் அரசியல் சட்டத்தில் இருக்கிறது. தமிழ்ப் பாடம் வேண்டும் என்று கேட்க வேண்டிய பெற்றோர் கூட்டத்திலேயே இல்லையென்றால் அந்தப் பிரிவை யார் எடுத்துச் சொல்வது?

ஆகவே மூன்று கேள்விகளை ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுவையுங்கள். கூட்டம் எந்த நாள், எந்த இடம்? யார் யாருக்கு ஓட்டு? எண்ணிக்கை எல்லார் முன்னாலும் நடக்குமா? நோட்டீஸைத் தமிழில் எழுதிச் சங்கப் பலகையில் ஒட்டும் வேலையை நம் இளைஞர்கள் இந்தக் கல்வியாண்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அம்மாமார்களும் பாட்டிமார்களும் வாசித்துவிட்டுக் கூட்டத்துக்கு வரட்டும்.